17,500 ரூபாயும் மாலை 5 மணியும்

2024 செப்டம்பர் 30 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. 2022 மே மாதம் பேரறிவாளனின் விடுதலைக்கு உச்ச நீதிமன்றம் கையாண்டது இதைத்தான். 2019இல் அயோத்தித் தீர்ப்பில் 5 ஏக்கர் நிலம் வழங்க ஆணையிட்டதும் இதன் கீழேதான். வேறு சட்டவழி இல்லாத இடத்தில் முழு நீதி வழங்குவதற்கென்று அரசியல் நிர்ணய சபை வைத்துவிட்டுப்போன கடைசிக் கருவி அது. அன்றைய தினம் அந்தக் கருவி தேவைப்பட்டது, ஒரு மாணவரைப் பொறியியல் முதல் பருவ வகுப்பில் உட்கார வைப்பதற்காக.

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர் அவர். தந்தை மீரட்டில் ஆடைத் தொழிற்சாலைக் கூலித் தொழிலாளி; நாள் ஊதியம் 450 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை ஒருவர் இரண்டு முறைதான் எழுத முடியும். இரண்டாம் முறையில் வென்ற அந்த மாணவருக்குத் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியலில் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தை ஏற்றுக்கொள்வதாக இணையத்தில் அறிவித்து, ஆவணங்களைப் பதிவேற்றி, 17,500 ரூபாய் கட்ட வேண்டும். அதற்குக் கொடுக்கப்பட்டது 4 நாட்கள். கடைசி நாள் 2024 ஜூன் 24, மாலை 5 மணி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 450 ரூபாய் வீதம் 17,500 ரூபாய் ஈட்ட 39 நாட்கள் உழைக்க வேண்டும். அந்த 39 நாட்களும் குடும்பத்தில் ஒருவரும் உண்ணக் கூடாது, பேருந்தில் ஏறக் கூடாது. கொடுக்கப்பட்டதோ 4 நாட்கள். பணம் தருவதாகச் சொன்ன வட்டிக்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்தார். ஊராரிடம் திரட்டிய தொகை வந்து சேர்ந்தபோது நேரம் மாலை ஐந்தை நெருங்கியிருந்தது. விவரங்களை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே இணையதளம் மூடிக்கொண்டது. இடம் பறிபோனது.

அதன்பின் அவர் ஏறி இறங்கிய படிகளைக் கவனிக்க வேண்டும். தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தை அணுகினார். தங்களால் உதவ இயலாது என்றார்கள். ஜார்க்கண்டில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினார். அந்த ஆண்டு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால், சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். முசாபர்நகரின் கூலித் தொழிலாளி மகன் சென்னையில் வழக்குத் தொடுத்தார். அங்கிருந்து தில்லிக்கு வந்தார். இதற்குள் ஜூலை போய், ஆகஸ்ட் போய், செப்டம்பரும் முடிந்துவிட்டது. அவரோடு இடம் பெற்றவர்கள் முதல் பருவத்தின் பாதியைக் கடந்திருந்தார்கள்.

உச்ச நீதிமன்றத்தில் இடஒதுக்கீட்டு ஆணையத்தின் தரப்பு முன்வைத்த வாதம், இந்த அமைப்பு உழைப்பாளி மக்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு நல்ல சான்று. அந்த மாணவர் பிற்பகல் 3 மணிக்கே இணையதளத்துக்குள் நுழைந்திருக்கிறார். ஆகவே கடைசி நிமிடத்தில் வந்ததாகச் சொல்ல முடியாது. குறுஞ்செய்தி வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டிருந்தன என்றார்கள். நினைவூட்டாததால்தான் அவர் கட்டவில்லை என்பதுபோல! மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தவர் ஐந்து மணிவரை என்ன செய்துகொண்டிருந்தார்? பணத்துக்காகக் காத்திருந்தார். வங்கிக் கணக்கில் எப்போதும் 17,500 ரூபாய் இருப்பவர்களால் எழுதப்பட்ட மென்பொருளுக்கு அந்த இரண்டு மணி நேரம் புரியாது.

நீதிமன்றத்துக்குப் புரிந்தது, அதைப் பாராட்டுவோம். எந்த மாணவரின் இடத்தையும் பறிக்காமல் கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கி அதே பிரிவில், அதே ஆண்டு மாணவராக அவரைச் சேர்க்க வேண்டும், விடுதி உள்ளிட்ட வசதிகளும் தர வேண்டும் என்று ஆணையிட்டது. ஆனால் இது முதல் முறையல்ல என்பதே நாம் பேச வேண்டிய செய்தி. 2021 நவம்பர் 22 அன்று இதே சந்திரசூட், நீதிபதி ஏ.எஸ்.போபண்ணாவுடன் அமர்ந்து, மும்பை ஐஐடியில் இடம் பெற்ற மற்றொரு தலித் மாணவருக்காக இதே 142ஆவது பிரிவைப் பயன்படுத்தினார். அவர் சகோதரி அனுப்பிய பணத்தைக் கட்ட முயன்றபோது பரிவர்த்தனை மீண்டும் மீண்டும் தோல்வியடைந்தது. கடன் வாங்கி, அந்த ஆண்டு தேர்வை நடத்திய கரக்பூர் ஐஐடிக்கே நேரில் போய் நின்றார். மும்பை உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது.

மூன்றாண்டுகள் இடைவெளியில் ஒரே குறை, ஒரே வகை மாணவர், ஒரே அரசியல் சட்டப் பிரிவு. இடையில் ஒன்றிய கல்வி அமைச்சகம் விதியை மாற்றியதா? மாற்றவில்லை. 2021 தீர்ப்புக்குப் பிறகு கட்டணக் கெடுவையும் முறையையும் திருத்தியிருந்தால் 2024 வழக்கே வந்திருக்காது. நீதிமன்றம் வரை வந்த இருவரை நாம் அறிவோம். வராமல் ஊரிலேயே தங்கிப்போனவர்களை யார் அறிவார்?

சேர்க்கைக்குமுன் ஒரு குடும்பம் கட்டும் விலை

பொறியியல் முதலாண்டில் சேரும் மாணவர் எப்படித் தயாராக வேண்டும் என்று ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் நாளேடுகள் இணைப்பிதழ் வெளியிடுகின்றன. எந்த மடிக்கணினி வாங்கலாம், கணக்குப் பாடத்தை எப்படித் தூசி தட்டலாம், பைத்தான் இப்போதே கற்றுக்கொள்ளலாமா என்றெல்லாம் அறிவுரைகள். அவை பயனற்றவை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களை எழுதுவோர் எல்லாரும், மாணவர் ஏற்கெனவே கல்லூரி வாசலுக்குள் வந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறார்கள். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குத் தயாரிப்பு என்பது அந்த வாசலை எட்டுவதற்கான தயாரிப்பு. அதற்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு.

2024இல் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வுக் கட்டணம் 3,200 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் 1,600 ரூபாய். அந்தத் தேர்வை எழுதிய ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் பேரில் தகுதி பெற்றவர்கள் 48,248 பேர். 23 ஐஐடிகளில் இருந்த இடங்கள் 17,740. இந்த வடிகட்டியைக் கடக்கப் பயிற்சி மையம் வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. தில்லி ஐஐடியின் மதிலை ஒட்டினாற்போல் இருக்கும் காலூ சராய் பகுதிக்குப் போய்வந்த தோழர்களுக்கு அந்த விளம்பரப் பலகைக் காடு தெரியும். பொதுப்பணத்தில் கட்டப்பட்ட ஒரு கல்வி நிறுவனத்தின் நுழைவாயிலுக்கு வெளியே தனியார் சுங்கச்சாவடி! 2025 ஜனவரியில் தில்லியிலும் நொய்டாவிலும் காசியாபாத்திலும் ஒரு பெரும் பயிற்சி நிறுவனத்தின் மையங்கள் திடீரென்று இழுத்து மூடப்பட்டபோது, முன்கூட்டியே லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பெற்றோர் தெருவில் நின்றார்கள். ஜேஇஇ முதன்மைத் தேர்வுக்குச் சில நாட்களே இருந்த நேரம் அது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

இடம் கிடைத்தபின் அடுத்த படி. ஐஐடி பி.டெக் கல்விக் கட்டணம் 2016இல் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பு 2013இல்தான் 50,000இலிருந்து 90,000 ஆக்கியிருந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் நான்கு மடங்கு. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி; ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் அவ்வாறே; 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. இந்தச் சலுகைகளைச் சொல்லித்தான் உயர்வை நியாயப்படுத்தினார்கள். ஆனால் விடுதிக் கட்டணம், உணவுக் கட்டணம், இதர கட்டணங்கள் தள்ளுபடியில் வராது. அவை பருவந்தோறும் பத்தாயிரக்கணக்கில் வரும். தில்லியில் திறன்சாராத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025 ஏப்ரல் முதல் 18,456 ரூபாய். அதையும் முழுமையாகக் கையில் வாங்கும் தொழிலாளர் எவ்வளவு பேர் என்பது தலைநகர்த் தொழிற்சங்கத் தோழர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஐஐடியை விட்டுவிட்டு தில்லி அரசின் பல்கலைக்கழகங்களைப் பார்த்தாலும் நிலைமை வேறல்ல, சொல்லப்போனால் மோசம். 1941இல் தில்லி பாலிடெக்னிக்காகத் தொடங்கி 2009இல் தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறிய நிறுவனத்தில் இன்று ஆண்டுக் கட்டணம் 2 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் அதற்கும் வெகு மேலே. 2023இல் பி.டெக் தொடங்கிய தில்லிப் பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல் என்றே ஆரம்பித்தது. அருகிலிருக்கும் கலைக் கல்லூரியில் ஒரு மாணவர் கட்டுவதைப்போலப் பல மடங்கு. அரசுக் கல்லூரி என்ற சொல்லுக்கு இருந்த பொருளே கரைந்துகொண்டிருக்கிறது.

இது தானாக நடந்ததல்ல. 2011இல் அனில் ககோட்கர் தலைமையிலான குழு, ஐஐடிகள் அன்றாடச் செலவுக்கு அரசைச் சாராமல் மாணவர் கட்டணத்திலிருந்து ஈட்டிக்கொள்ள வேண்டும், கட்டணம் 2 முதல் 2.5 லட்சமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது ஆட்சியில் இருந்தது ஐக்கிய முற்போக்குக் கூட்டணி. பாஜக அரசு அதை நிறைவேற்றியதோடு ஒரு படி மேலே போயிற்று. 2017இல் கனரா வங்கியோடு சேர்ந்து உயர்கல்வி நிதியளிப்பு முகமை தொடங்கப்பட்டது. முன்பு கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் அரசு மானியம் தந்தது. இனி கல்வி நிறுவனங்கள் கடன் வாங்கி, தங்கள் உள் வருவாயிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு கல்வி நிறுவனத்தின் உள் வருவாய் என்றால் பெரும்பகுதி மாணவர் கட்டணம்தானே! நிறுவனத்துக்கும் கடன், மாணவருக்கும் கடன்.

மாணவருக்கான கடனுக்கு 2024 நவம்பர் 6 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பிரதமர் வித்யாலட்சுமி என்று பெயர். 860 கல்வி நிறுவனங்களில் இடம் பெறுவோருக்குப் பிணையில்லாக் கடன். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டி மானியம். அதுவும் ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்கு மட்டும். முசாபர்நகர் வழக்கில் தீர்ப்பு வந்து ஐந்து வாரங்களில் வந்த அறிவிப்பு இது. அந்த மாணவருக்கு இந்தத் திட்டம் ஜூன் மாதத்திலேயே இருந்திருந்தாலும் உதவியிருக்காது. சேர்க்கை உறுதியானபின் வங்கி தரும் கடன், சேர்க்கையை உறுதிசெய்ய 4 நாட்களில் கட்ட வேண்டிய 17,500 ரூபாயை எப்படித் தரும்? குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டுகிறார்கள். வித்யாதானம் என்று மேடையில் பேசுவோரின் ஆட்சியில் வித்தை கடனாக மட்டுமே கிடைக்கிறது.

மதராசி முகாமும் ஜூன் மாதமும்

தலைநகரில் வாழும் தமிழ் உழைப்பாளர்களுக்கு இந்தச் செய்தி மிக அருகில் இருக்கிறது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி முகாம், தில்லி உயர் நீதிமன்றத்தின் 2025 மே மாத ஆணையைத் தொடர்ந்து, ஜூன் 1 அன்று இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். வீட்டு வேலை, துப்புரவு, சமையல், ஓட்டுநர் பணி என்று இந்த நகரத்தைப் பல பத்தாண்டுகள் தாங்கிய தமிழ்க் குடும்பங்கள் அவை. அவற்றில் ஒரு பகுதிக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அந்த வீடுகளும் நகரத்தின் வட கோடியான நரேலாவில். பிள்ளைகள் படித்ததோ தில்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில்; அந்த ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவின் பக்கத்தில் இல்லை.

2025 ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. ஜேஇஇ அட்வான்ஸ்டு முடிவு வெளியானது ஜூன் 2. ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கான கூட்டுக் கலந்தாய்வுப் பதிவு தொடங்கியது ஜூன் 3. மதராசி முகாமிலிருந்து யாரேனும் அந்தப் பட்டியலில் இருந்தார்களா என்பதல்ல என் கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் அந்த வாரத்தில் வேண்டியது ஒரு முகவரி, மின்சாரம், பெட்டியில் பத்திரமாக இருக்கும் சான்றிதழ்கள், விண்ணப்பம் நிரப்ப ஓர் இடம். சரியாக அந்த வாரத்தில் புல்டோசர் வந்தது. மழைநீர் வடிகாலைச் சீர்செய்ய ஆகஸ்ட் வரை காத்திருக்க முடியாது என்று வாதிடலாம். பள்ளித் தேர்வுகளுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் நடுவே ஒரு குடியிருப்பைக் கலைக்கும் நாளைக் குறிப்பவர்களின் நாட்காட்டியில் அந்தப் பிள்ளைகள் இல்லை.

தில்லி அரசின் கலந்தாய்வில் 85 விழுக்காடு இடங்கள் தில்லிப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு. ஆகவே இங்கு பிறந்து இங்கு படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த உரிமை உண்டு. தமிழர் என்பதால் அவர்கள் வெளியார் ஆகிவிட மாட்டார்கள். இதை அறியாத குடும்பங்கள் நிறைய. ஆனால் சாதிச் சான்று என்று வரும்போது முடிச்சு விழுகிறது. இடம்பெயர்ந்த பட்டியல் சாதியினரின் சான்று எந்த மாநிலத்தில் செல்லும் என்பது 1990 முதல் உச்ச நீதிமன்றம் பலமுறை விசாரித்த விவகாரம். 2018 ஆகஸ்ட் 30 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தபோதும் தில்லியைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருந்தது. விழுப்புரத்திலிருந்து வந்த தாத்தாவின் சான்றைத் தேடி, பேரன் ஊருக்கு ரயிலேறும் காட்சி இன்னும் தொடர்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கு வேறொரு சிக்கல். நமது மாநிலம் தரும் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்று ஒன்றிய அரசின் கலந்தாய்வில் செல்லாது. ஒன்றியப் பட்டியலின்படி, கிரீமிலேயரில் இல்லை என்ற குறிப்போடு, அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வழங்கப்பட்ட தனிச் சான்று வேண்டும். 8 லட்ச ரூபாய் வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் ஊதியத்தையும் வேளாண் வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்பது 1993 முதல் உள்ள விதி. வட்டாட்சியர் அலுவலகங்களில் இது இன்றும் எல்லோருக்கும் தெளிவாக இருப்பதில்லை. தகுதியுள்ள மாணவர் பொதுப்பிரிவில் நிற்கும்படி ஆகிறது. மண்டல் போராட்டத்தில் வென்றதை ஒரு படிவத்தில் இழக்கிறோம்.

தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும். பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை ஒழிக்கும் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், அவர்களது கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்பதும் 2021இல் வந்தன. இவை இடதுசாரி மாணவர் இயக்கமும் சமூகநீதி இயக்கங்களும் நெடுங்காலம் கேட்டவை. பணம் கட்ட முடியாததால் இடம் இழக்கும் நிலை ஒரு மாநில அரசு நினைத்தால் தடுக்கப்படக்கூடியது என்பதற்கு அவை கண்முன் சான்று. அதே தமிழ்நாட்டில்தான் சுயநிதிக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் முளைத்து, கட்டணத்துக்கு மேல் கட்டணம் வாங்கின. உதவித்தொகை வரும்வரை மாணவரின் சான்றிதழ்களைப் பிடித்துவைத்த நிர்வாகங்களும் உண்டு. பெருமை பேசி முடிக்கும் நிலையில் நாம் இல்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் வருமான வரம்பு இன்னமும் ஆண்டுக்கு 2.5 லட்சம், தில்லியின் குறைந்தபட்ச ஊதியம் வாங்கும் இருவர் உள்ள குடும்பம் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

உள்ளே சென்ற பிறகு

சேர்ந்துவிட்டால் முடிந்ததா? 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து இடைநின்ற பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். ஐஐடிகளில் மட்டும் பிற்படுத்தப்பட்டோர் 2,066, பட்டியல் சாதியினர் 1,068, பழங்குடியினர் 408. வேறு படிப்புக்கு மாறிச் செல்கிறார்கள் என்று அமைச்சகம் விளக்கம் சொன்னது. சிலர் அப்படியும் போயிருக்கலாம். 17,740 இடங்களுக்கு லட்சக்கணக்கானோர் மோதும் தேர்வில் வென்றவர்கள் ஏன் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கேட்கும் அக்கறை அந்த விளக்கத்தில் இல்லை.

2014 முதல் 2021 வரை ஒன்றிய உயர்கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக 2021 டிசம்பரில் மக்களவையில் அரசே ஒப்புக்கொண்டது. அவர்களில் 24 பேர் பட்டியல் சாதியினர், 41 பேர் பிற்படுத்தப்பட்டோர். 2023 ஜூலையிலும் செப்டம்பரிலும் தில்லி ஐஐடியில் உயிரிழந்த இருவரும் தலித்துகள். இருவரும் ஒரே கணிதத் துறை மாணவர்கள். அவர்களின் பெற்றோர் நீதிகேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2025 மார்ச் 24 அன்று நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய உத்தரவிட்டதோடு, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது. பிள்ளைகள் இறந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, முதல் தகவல் அறிக்கைக்கு உச்ச நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது.

தில்லிக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் சாதிப் பாகுபாடு பற்றி விசாரித்த தோரட் குழு அறிக்கை தந்தது 2007இல். மாணவரின் நுழைவுத்தேர்வுத் தரவரிசையை விசாரித்தே அவர் எந்தப் பிரிவில் வந்தவர் என்று கண்டுபிடிக்கும் பழக்கத்துக்கு எதிராக மும்பை ஐஐடி வழிகாட்டுதல் வெளியிட்டது 2023இல். தரவரிசை என்ன என்ற அந்தக் கேள்வி முதல் பருவத்தின் முதல் வாரத்திலேயே, சிரித்த முகத்தோடு கேட்கப்படும். கிராமத்தில் அரசுப் பள்ளியில் தாய்மொழியில் படித்த மாணவர், கால்குலஸையும் மின்னியலையும் கணினி நிரலையும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் அதே வாரம். தில்லி ஐஐடி 2023இல் இரண்டு இடைப்பருவத் தேர்வுகளில் ஒன்றைக் கைவிட்டது. நல்லது. ஆனால் தேர்வைக் குறைப்பதால் மட்டும் அந்தக் கேள்வி நிற்காது. முதல் பருவத்திலேயே மொழித் துணை வகுப்பும், பட்டியல் சாதி, பழங்குடி பிரிவுக்கு உண்மையான அதிகாரமும், ஆசிரியர் பணியிடங்களில் நிரப்பப்படாத இடஒதுக்கீட்டு இடங்களை நிரப்புவதும் வேண்டும்.

போராடினால் அசையும் என்பதற்கும் அதே வளாகம் சான்று. 2022இல் கட்டண உயர்வுக்கு எதிராக மாணவர்கள் குரல் கொடுத்தபின், தில்லி ஐஐடி முதுநிலைப் படிப்புகளின் பருவக் கட்டணத்தை 30 விழுக்காடு குறைத்தது. எம்.டெக் பருவக் கல்விக் கட்டணம் 25,000இலிருந்து 17,500 ஆனது. மாணவர் சங்கத் தேர்தலும் அரசியல் நடவடிக்கையும் அருவருப்பாகப் பார்க்கப்படும் வளாகத்தில் கிடைத்த வெற்றி அது.

நமது கோரிக்கைகள் வானத்தை வில்லாய் வளைக்கச் சொல்பவை அல்ல. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் இட ஏற்புக் கட்டணமே கூடாது. மாணவர் இடத்தை ஏற்றதாக அறிவித்தால் போதும். கட்டணம் உதவித்தொகையிலிருந்து பின்னர் கழிக்கப்படட்டும். கட்டணம் தொடங்கப்பட்டு முடியாமல் நின்ற விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்யும் முன் ஒரு மனிதர் பார்க்க வேண்டும். விடுதியும் உணவும் கல்விக் கட்டணத் தள்ளுபடியில் சேர்க்கப்பட வேண்டும். உயர்கல்வி நிதியளிப்பு முகமையின் கடன்முறை கைவிடப்பட்டு மானியம் திரும்ப வேண்டும். இவற்றில் முதலாவதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அந்தச் சுற்றறிக்கைக்காகவே இரண்டு முறை உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவைத் தூக்கியிருக்கிறது.

அதுவரை காத்திருக்காமல் தில்லியிலும் தமிழ்நாட்டிலும் நமது கிளைகளால் செய்ய முடிந்தவை உள்ளன. அகில இந்தியக் கலந்தாய்வு நடக்கும் ஜூன், ஜூலை வாரங்களில் தொழிற்சங்க அலுவலகங்களில் ஓர் இணைய இணைப்பும் ஒரு தோழரும் இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் கணினி மையங்களில் கட்டும் பணம் மிச்சமாகும். ஒதுக்கப்பட்ட இடத்தை உறுதிசெய்வதா, அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதா என்ற குழப்பத்தில் தவறான பொத்தானை அழுத்துவதும் குறையும். 4 நாட்களுக்கு மட்டும் தேவைப்படும் தொகையைத் தந்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறும் சுழல் நிதி ஒன்றை ஒவ்வொரு மாவட்டக் குழுவும் வைத்திருக்கலாம். பத்து மாணவர்களுக்கு 1,75,000 ரூபாய்தான் வேண்டும். நரேலாவுக்குத் தூக்கியெறியப்பட்ட குடும்பங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இப்போதே எடுக்கப்பட வேண்டும். ஒன்றியப் பட்டியல் சான்று ஏப்ரல் 1க்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்பதால், வட்டாட்சியர் அலுவலக வாசலில் விண்ணப்பம் எழுதித் தரும் மேசை ஏப்ரல் முதல் வாரத்திலேயே போடப்பட வேண்டும்.